11 மணிக்குத் தூங்கி 11.45-க்கு முழிக்கும் பிள்ளை

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அம்மாவின் நாள் தொடங்குவது காலை 11 மணிக்குத்தான். பிள்ளை தூங்கியாயிற்று. இனி குளிக்க வேண்டும், குக்கர் வைக்க வேண்டும், கொடியில் கிடக்கும் துணியை எடுத்து மடிக்க வேண்டும், முடிந்தால் ஒரு வாய் சூடாகச் சாப்பிட வேண்டும். தலையில் இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றியிருப்பாள், உள்ளேயிருந்து சிணுங்கல் கேட்கும். மணி பார்த்தால் 11.45. நேற்றும் 11.45, முந்தாநாளும் 11.45. “பால் பத்தலையோ?” என்பார் மாமியார். “கண்ணு பட்டிருக்கும், சுத்திப் போடு” என்பார் எதிர் வீட்டு அக்கா.

பால் போதாமல் முழிக்கும் பிள்ளையும் உண்டுதான். ஆனால் எடை ஒழுங்காக ஏறி, தினமும் ஒரே அளவு தூங்கி, கடிகாரம் பார்த்ததுபோல் எழுந்திருக்கும் பிள்ளைக்குக் காரணம் வேறு. பெரியவர்களுக்குத் தூக்கத்தின் ஒரு சுற்று சுமார் 90 நிமிடம் ஓடும். கைக்குழந்தைக்கு அது ஏறக்குறைய 50 நிமிடம். ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் தூக்கம் மிக மெலிந்துவிடும். நாமும் இரவில் பல தடவை அந்த இடத்துக்கு வந்து, புரண்டு படுத்து, நினைவேயில்லாமல் மறுபடி தூங்கிப் போகிறோம். அப்படித் தானாகத் தாண்டிப்போகச் சின்னப் பிள்ளைக்கு இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான். பகலில் தாண்டுவது இரவைவிடக் கடினம், ஏனென்றால் ஒரு சுற்று தூங்கியதிலேயே களைப்பில் பாதி தீர்ந்திருக்கும்.

இந்தச் சுற்றுகள் உலகுக்குத் தெரிய வந்த கதையில் கைக்குழந்தைகளுக்கும் பங்கு உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தில் நதானியல் கிளைட்மேன் என்ற பேராசிரியரிடம் யூஜின் அசெரின்ஸ்கி என்ற மாணவர் சேர்ந்தார். தூங்கும் குழந்தைகளின் கண்ணிமைகளைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. சில நேரம் இமைக்குள் கண் உருள்கிறது, பிறகு நீண்ட நேரத்துக்கு அசைவே இல்லை என்பதைக் கவனித்தார். அங்கே பிடித்த நூல்தான் பெரியவர்களின் தூக்கத்தைப் பற்றி 1953-ல் இருவரும் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரைக்கு இட்டுச் சென்றது.

நம் பாட்டிகள் இதை ஆராய்ச்சிக்கூடம் இல்லாமலே பார்த்திருக்கிறார்கள். தூக்கத்தில் பிள்ளை திடீரென்று சிரிக்கும், உதட்டைப் பிதுக்கும், மூச்சு தாறுமாறாக வாங்கும், ஒரு வீறல்கூடப் போடும். “நரி விரட்டுது, தொடாதே” என்பார்கள். நரியின் பெயர் எதுவானால் என்ன, அந்தத் ‘தொடாதே’ பொன்னான அறிவுரை. பிறந்த குழந்தையின் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி இப்படி அசைந்துகொண்டே தூங்கும் தூக்கம். முனகல் கேட்டதும் ஓடிப்போய் தூக்கினால், தூங்கிக்கொண்டிருக்கும் பிள்ளையை நாமே எழுப்பியதாகும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் வாசலில் நின்று கேளுங்கள். அழுகை வலுத்தால் போகலாம். பல நாள் வலுக்காது.

வயதுக்குத் தக்க தூக்கம்

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, முதல் 3 மாதம்வரை ஒரு நாளைக்கு 14 முதல் 17 மணி நேரம், 4 முதல் 11 மாதம்வரை 12 முதல் 16 மணி நேரம், 1 முதல் 2 வயதுவரை 11 முதல் 14 மணி நேரம் தூக்கம் வேண்டும். இது இரவும் பகலும் சேர்ந்த கணக்கு. 12-க்கும் 16-க்கும் நடுவில் 4 மணி நேர இடைவெளி இருப்பதைக் கவனியுங்கள். பக்கத்து ஃபிளாட் பிள்ளை பகலில் 4 மணி நேரம் தூங்குகிறது, நம் பிள்ளை இரண்டரைதான் தூங்குகிறது என்று மனம் நோகத் தேவையில்லை. இரண்டும் சரியாகவே இருக்கலாம். விழித்திருக்கும்போது பிள்ளை முகம் தெளிந்து விளையாடுகிறதா என்பது கடிகாரத்தைவிட நல்ல சாட்சி.

பிறந்த புதிதில் பகல் தூக்கம், இரவுத் தூக்கம் என்ற பிரிவே கிடையாது. ஸ்விட்சர்லாந்தின் அலெக்சாண்டர் போர்பெலி 1982-ல் முன்வைத்த விளக்கம் இன்றும் பயன்படுகிறது: தூக்கத்தை இரண்டு விசைகள் நடத்துகின்றன. விழித்திருக்க விழித்திருக்கச் சேரும் களைப்பு ஒன்று, வெளிச்சத்தைப் பார்த்து ஓடும் உடல் கடிகாரம் இன்னொன்று. புதுப் பிள்ளையிடம் முதலாவது மட்டும்தான் வேலை செய்கிறது. உடல் கடிகாரம் பிடிபட இரண்டு, மூன்று மாதமாகும். ஆகவே ஆறு வாரப் பிள்ளைக்கு அட்டவணை போடுவது வீண் வேலை. பசித்தால் பால், கண் சொருகினால் தூக்கம், அதற்கு மேல் ஒரு திட்டமும் வேண்டாம்.

ஒன்று மட்டும் அந்த வயதிலேயே செய்யலாம், அது வெளிச்சம். இங்கிலாந்தின் லிவர்பூலில் யுவோன் ஹாரிசன் 6 முதல் 12 வாரக் குழந்தைகளிடம் நடத்தி 2004-ல் வெளியான ஆய்வில், பிற்பகலின் முற்பகுதியில் கூடுதல் வெளிச்சம் பார்த்த பிள்ளைகள் இரவில் நன்றாகத் தூங்கியது தெரிந்தது. பிள்ளை பெற்ற வீடு என்று ஜன்னலையும் திரையையும் நாள் முழுக்க அடைத்து வைப்பது நம்மிடம் உண்டு. வாடைக்கும் கண்ணேறுக்கும் பயந்து செய்கிறோம். நேர் வெயில் வேண்டாம். விழித்திருக்கும் நேரத்தில் வெளிச்சமான கூடத்தில், திண்ணையில், பால்கனி நிழலில் பிள்ளை இருக்கட்டும். இரவில் பால் கொடுக்கும்போது ட்யூப்லைட் போடாதீர்கள், பேச்சுக் கொடுக்காதீர்கள்.

நான்காம் மாதத்தை ஒட்டிப் பகல் தூக்கம் மெல்ல உருப்பெறும். அப்போது பொதுவாக மூன்று, நான்கு தூக்கம். ஆறாம் மாதத்துக்கு மேல் மூன்று இரண்டாகத் தொடங்கும். காலைத் தூக்கம்தான் முதலில் நிலைக்கும், சாயங்காலக் குட்டித் தூக்கம் முதலில் கழன்றுகொள்ளும். விழித்திருக்கும் தாக்குப்பிடிப்பும் கூடும்: இரண்டு மாதத்தில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் என்றால் ஏழு, எட்டு மாதத்தில் இரண்டரை, மூன்று மணி நேரம். செயலிகள் இதை நிமிடக் கணக்கில் சொல்கின்றன. அந்தக் கணக்கெல்லாம் அனுபவத்தில் வந்த தோராயம். செயலி இன்னும் 20 நிமிடம் இருக்கிறது என்று சொல்லும்போது பிள்ளை காதை இழுத்துக்கொண்டிருந்தால், பிள்ளை சொல்வதைக் கேளுங்கள்.

காதை இழுப்பது, புருவ ஓரம் சிவப்பது, விளையாட்டுச் சாமானிலிருந்து முகத்தைத் திருப்புவது, எங்கேயோ வெறித்துப் பார்ப்பது எல்லாம் கொட்டாவிக்கு முன்னால் வருகிற குறிகள். கண்ணைக் கசக்கும்போதே கொஞ்சம் தாமதம். முதுகை வில்லாக வளைத்து வீறிட்டால் நேரம் தவறிவிட்டது என்று அர்த்தம். ‘இன்னும் கொஞ்சம் களைக்கட்டும், அப்புறம் அடித்துப் போட்டாற்போல் தூங்கும்’ என்ற கணக்கு இந்த வயதில் பலிப்பதில்லை. மிஞ்சிக் களைத்த பிள்ளை தூங்க அதிக நேரம் எடுக்கும், சீக்கிரமும் எழுந்துவிடும்.

பாட்டி போட்ட வரிசை

தூக்கப் பழக்கத்துக்கு ஆலோசகர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு முதலில் சொல்லித் தருவது, ‘தினமும் ஒரே வரிசையில் ஒரே வேலைகளைச் செய்யுங்கள்’ என்பது. தமிழ் வீட்டுப் பாட்டி அதைக் காலம் காலமாகச் செய்துவருகிறார். காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே பிள்ளையைக் குப்புறவும் மல்லாந்தும் போட்டு, எண்ணெய் தேய்த்து, கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் விட்டு, பயத்தமாவு பூசிக் கழுவி, பழைய வேட்டித் துணியில் சுற்றி, அம்மாவிடம் பாலுக்குக் கொடுப்பார். பால் குடிக்கும்போதே கண் செருகும். பிறகு தூளி. அன்றைக்குப் பிள்ளை இரண்டு மணி நேரம் எழாது. எண்ணெயும் சூடும் உடலைத் தளர்த்துகின்றன என்பது ஒரு பக்கம். தினமும் ஒன்றன்பின் ஒன்றாக வருவதால் அடுத்தது தூக்கம் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது என்பது இன்னொரு பக்கம், என் பார்வையில் அதுதான் கனமான பக்கம்.

இந்தக் குளியலில் கழிக்க வேண்டியவையும் இருக்கின்றன. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, வாயால் மூக்கை ஊதுவது, தொண்டையில் விரல் விட்டுச் சளி எடுப்பது மூன்றையும் குழந்தை மருத்துவர்கள் கண்டிக்கிறார்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியாவில் முடியும். சாம்பிராணிப் புகையும் அந்தச் சின்ன மூச்சுக்குழலுக்கு ஆகாது. புகையை எடுத்துவிட்டால் பிள்ளைக்குத் தூக்கம் வராது என்று பாட்டி சண்டைக்கு வரலாம். வரிசை மாறாமல் இருந்தால் தூக்கம் வரும்.

ஒரு நாளைக்கு மூன்று தடவை குளிப்பாட்ட முடியாது. மற்றத் தூக்கங்களுக்குக் குட்டி வரிசை போதும்: துணி மாற்று, திரையை இழு, மின்விசிறி போடு, அதே பாட்டு. பாட்டு எதுவாகவும் இருக்கலாம். ஆராரோ தெரியாத அப்பா இளையராஜா பாடலை மெதுவாக முனகினாலும் பிள்ளைக்கு ஆட்சேபம் இல்லை. ராகம் தப்பலாம், பாட்டு மாறக் கூடாது.

கீழே போட்டதும் முழிப்பது ஏன்?

தோளில் தூங்கும், கட்டிலில் வைத்ததும் கண்ணைத் திறக்கும். ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் குமி குரோடாவின் குழு 21 குழந்தைகளையும் அவர்களின் தாய்மார்களையும் வைத்து இதையே ஆராய்ந்து 2022-ல் வெளியிட்டது. அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு 5 நிமிடம் நடந்தபோது அழுகை அடங்கியது, கிட்டத்தட்டப் பாதிப் பேர் தூங்கியும் போனார்கள். ஆனால் உடனே படுக்கவைத்தபோது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் 20 விநாடிக்குள் விழித்துவிட்டார்கள். இதயத் துடிப்பைப் பார்த்ததில் ஒரு வேடிக்கை தெரிந்தது. முதுகு மெத்தையைத் தொடும் கணத்தைவிட, அம்மாவின் உடம்பிலிருந்து பிரியத் தொடங்கும் கணத்தில்தான் பிள்ளை உஷாராகிறது. மெத்தையைச் சூடுபடுத்தி வைப்பது, பஞ்சு போல இறக்குவது என்று நாம் படும் பாடெல்லாம் வேறு இடத்தில் நடக்கிறது.

அவர்கள் கண்ட வழி எளிது: 5 நிமிடம் நிதானமாக நடக்க வேண்டும். தூங்கியதும் கையில் வைத்துக்கொண்டே 5 முதல் 8 நிமிடம் உட்கார வேண்டும். பிறகு படுக்கவைக்க வேண்டும். நம் வீட்டில் இதற்கு இன்னொரு சோதனை உண்டு. பிள்ளையின் கையை மெல்லத் தூக்கி விட்டால் துவண்டு விழுந்தால் ஆழ்ந்துவிட்டது, விரல் மூடிக்கொண்டால் இன்னும் பொறுக்க வேண்டும்.

தூளிக்கு வருவோம், ஏனென்றால் தமிழ்நாட்டில் பகல் தூக்கம் என்றாலே பாதிப் பேருக்கு அதுதான். ஆட்டுவதற்கும் தூக்கத்துக்கும் உள்ள தொடர்பு வெறும் நம்பிக்கை இல்லை. ஜெனீவா பல்கலைக்கழகத்தில் பெரியவர்களை ஆடும் கட்டிலில் மதியம் தூங்கவைத்தார்கள். அசையாத கட்டிலைவிட ஆடும் கட்டிலில் சீக்கிரம் தூங்கினார்கள், ஆழமாகவும் தூங்கினார்கள். 2011-ல் வந்த அந்த ஆய்வில் கட்டில் ஒரு தடவை போய்வர 4 விநாடி எடுத்தது. நிதானமான ஆட்டம். நம் வீட்டில் ஒரு கையில் செல்போனும் மறு கையில் தூளிக் கயிறுமாக ஆட்டுகிற வேகத்தை எண்ணிப் பாருங்கள்.

ஆனால் தூளியின் குறைகளை மறைக்க முடியாது. மழமழவென்ற அம்மாவின் புடவைக்குள் பிள்ளை வளைந்து படுக்கிறது. கழுத்து நிற்காத முதல் மாதங்களில் மோவாய் நெஞ்சில் இடித்தால் மூச்சுப்பாதை குறுகும். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் சமமான, உறுதியான படுக்கையில் மல்லாக்கப் படுக்கவைப்பதையே வழக்கமான தூக்கத்துக்குச் சொல்கிறது, பகலுக்கும் அதேதான். தலையணை, குஷன், பொம்மை, கனத்த போர்வை கூடாது. குப்புறப் போடாதீர்கள் என்ற பிரசாரம் அங்கே 1994-ல் தொடங்கியபின், தூக்கத்தில் காரணம் தெரியாமல் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை அடுத்த சில ஆண்டுகளில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இவ்வளவு பெரிய பலன் தந்த இவ்வளவு எளிய அறிவுரை மருத்துவத்தில் அபூர்வம்.

தூளியில் தூங்கவைத்து, ஆழ்ந்ததும் பாயிலோ கெட்டியான மெத்தையிலோ மாற்றுவதே நல்லது. கட்டத்தான் வேண்டும் என்றால் கொக்கியையும் கயிற்றையும் தினமும் இழுத்துப் பாருங்கள். தரைக்குப் பக்கமாகக் கட்டுங்கள். புடவை விளிம்புகள் முகத்தில் மூடாமல் குறுக்கே கட்டை கொடுங்கள். ஆளில்லாத அறையில் விடாதீர்கள். பிள்ளை புரளத் தொடங்கிய நாள் தூளியை அவிழ்க்கும் நாள். அவிழ்க்காமல் விட்ட தூளியில் மூத்த பிள்ளை ஏறிச் சுற்றி விளையாடிக் கழுத்தில் இறுகிய செய்தி அவ்வப்போது நாளிதழில் வருகிறது. தூங்கி எழுந்ததும் கழற்றி மடித்து வைக்க ஒரு நிமிடம்தான் ஆகும்.

பகலில் விழித்தால் இரவில் தூங்குமா?

குடும்பங்களில் தீராத வழக்கு இது. ‘பகல் முழுக்கத் தூங்கினால் ராத்திரி நம்மைத் தூங்கவிடாது, எழுப்பு’ என்பது ஒரு கட்சி. ‘தூங்கும் பிள்ளையை எழுப்பினால் பாவம்’ என்பது மறு கட்சி. இரண்டிலும் பாதி உண்மை. ஆறு மாதப் பிள்ளையைப் பகலில் பட்டினி போட்டதுபோல் விழிக்கவைத்தால் இரவும் சேர்ந்து கெடும். ஆனால் மாலை 6 மணிக்குத் தூங்கி 7.30-க்கு எழுந்த ஒன்றரை வயதுப் பிள்ளை 11 மணிவரை கூடத்தில் ஓடும். ஜப்பானில் அந்த வயதுப் பிள்ளைகளின் இடுப்பில் அளவுக் கருவி கட்டிப் பார்த்த 2016 ஆய்வும், பகல் தூக்கம் நீளவும் தாமதமாகவும் ஆக இரவுத் தூக்கம் பிந்தி, சுருங்குகிறது என்றது. ஒரு வயதை ஒட்டிய பிள்ளையை 4 மணி வாக்கில் மெதுவாக எழுப்புவதில் பாவம் ஒன்றும் இல்லை. திரையை விலக்கினாலே போதும்.

பகல் தூக்கம் தாய்க்கு ஓய்வு தருகிற வசதி மட்டும் இல்லை. ஜெர்மனியில் போஹும் நகரின் ரூர் பல்கலைக்கழகத்தில் சபீனே சீஹாகனும் உடனிருந்தவர்களும் 6 மாத, 12 மாதக் குழந்தைகளுக்குக் கைப்பொம்மையைக் கொண்டு சில செயல்களைச் செய்து காட்டினார்கள். அதன் பிறகு 4 மணி நேரத்துக்குள் குறைந்தது அரை மணி நேரம் தூங்கிய பிள்ளைகள் அதை நினைவில் வைத்துத் திருப்பிச் செய்தார்கள். தூங்காதவர்களிடம் அது தங்கவில்லை. 2015-ல் வந்தது இந்த ஆய்வு. காலையில் அத்தை காட்டிய விளையாட்டை மாலையில் பிள்ளை செய்து காட்டினால், நடுவில் ஒரு தூக்கம் உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

யார் தூங்கவைப்பது?

2017-ன் மகப்பேறு நலத் திருத்தச் சட்டம் தனியார் வேலையில் இருக்கும் தாய்க்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு தருகிறது. தமிழக அரசு ஊழியருக்கு 2021 முதல் 12 மாதம். முதல் வகைத் தாய் வேலைக்குத் திரும்பும் ஆறாம் மாதம்தான் பகல் தூக்கம் நிலைக்கத் தொடங்கும் மாதம். அம்மா மார்பில் மட்டுமே தூங்கிப் பழகிய பிள்ளை அன்று ஆயாவிடமோ அம்மாச்சியிடமோ போனால் இரு தரப்புக்கும் நரகம். போவதற்கு மூன்று வாரம் முன்பே ஒரு பகல் தூக்கத்தை அடுத்தவரிடம் ஒப்படையுங்கள். அப்பாவே அந்த அடுத்தவராக இருந்தால் உத்தமம். அதே பாட்டு, அதே துணி, அதே வரிசை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும், தாய் நாளைக்கு 4 தடவை போய்ப் பார்க்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. எத்தனை நிறுவனங்கள் செய்கின்றன என்பது வேறு கதை. வயலிலும் கட்டட வேலையிலும் இருப்பவளுக்கு அந்தச் சட்டம் எட்டுவதேயில்லை. வேப்பமரக் கிளையில் தூளி கட்டிவிட்டுக் கல் சுமக்கிறாள்.

அந்தப் பிள்ளை கலவை இயந்திரச் சத்தத்தில் தூங்குகிறதே, நம் பிள்ளை காலிங் பெல்லுக்கு ஏன் முழிக்கிறது? சீரான சத்தம் தூக்கத்தைக் கெடுப்பதில்லை, திடீர்ச் சத்தம்தான் கெடுக்கும். லண்டனில் 1990-ல் வெளியான சிறு சோதனையில் சீரான இரைச்சல் கேட்ட 20 பச்சிளம் குழந்தைகளில் 16 பேர் 5 நிமிடத்துக்குள் தூங்கினார்கள். கேட்காத 20 பேரில் 5 பேர்தான். மின்விசிறியின் ஓசை இதற்குத் தாராளம். இணையத்தில் வாங்கும் இரைச்சல் கருவிகளில் கவனம் வேண்டும். 14 கருவிகளைச் சோதித்த 2014 ஆய்வில், முழு ஒலியில் 30 சென்டிமீட்டர் தூரத்தில் மூன்று கருவிகள் 85 டெசிபலைத் தாண்டின. தொழிற்சாலையில் காது அடைப்பான் போடச் சொல்லும் அளவு அது.

தூங்கவைக்க மருந்து கொடுப்பது மட்டும் எந்தப் பேரிலும் வேண்டாம். ‘சளி மருந்து கொடுத்தால் நல்லாத் தூங்குறான்’ என்று பெருமையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சளி மருந்தில் பரவலாக இருக்கும் ஒரு கூட்டை, குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்ததை, 4 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவிட்டது.

அதிகம் தூங்குவதும் சில நேரம் கவலைப்பட வேண்டியதுதான். முதல் வாரங்களில் பாலுக்குக்கூட எழாமல் தொடர்ந்து தூங்கும் பிள்ளை, கண்ணும் தோலும் மஞ்சளாகத் தெரியும் பிள்ளை, எழுப்பினாலும் துவளும் பிள்ளை அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். தினமும் குறட்டை, நடுவே மூச்சு நின்று திணறல் இருந்தாலும் அப்படியே. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு மேலே சொன்ன மாதக் கணக்கையெல்லாம் பிரசவத்துக்குக் குறித்துக் கொடுத்த தேதியிலிருந்து எண்ண வேண்டும்.

ஒன்றேகால், ஒன்றரை வயதில் இன்னொரு கலவரம் காத்திருக்கிறது. காலைத் தூக்கத்துக்கு முரண்டு பிடிக்கும், மதியம் சோற்றுத் தட்டிலேயே தலை சாயும். இரண்டு தூக்கம் ஒன்றாகிற பருவம் அது. சில வாரம் இழுக்கும். அந்த வாரங்களில் மதியச் சோற்றை 11 மணிக்கே ஊட்டிவிட்டு, 11.45-க்குப் படுக்கவைக்கலாம்.